உட்கார வைத்து விற்ற ட்ராம்போன்

திங்கட்கிழமை முதல் கடையின் முன்மேசை உங்கள் இருவருடையது. ஏழு வருடம் நான் உட்கார்ந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன், பெருக்கும்போது எடுத்துவிடாதீர்கள். முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றவள் மாதிரி எழுதுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. போகிறவள் எதையாவது எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும் என்று முதலாளி சொன்னார். அவர் மனதில் இருந்தது ஸ்டாக் விவரம். நான் எழுதுவது வேறு.

எந்த இசைக்கருவிக்கு எந்த எண்ணெய், எந்தத் திருகு எந்தப் பக்கம் கழலும் என்பதெல்லாம் கணினியில் இருக்கிறது. இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அவ்வளவு சுலபமாக வராதது ஒன்று உண்டு. ஒருவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, ‘இது எனக்கு ஆகுமா?’ என்று கேட்பார். அந்த நிமிடத்தில் நமக்கு முதலில் திறப்பது வாயா, காதா? எனக்கு எப்போதும் வாய்தான்.

முதல் வருடம் கூடுவாஞ்சேரியிலிருந்து மென்பொருள் கம்பெனி இளைஞர் ஒருவர் வந்தார். ட்ரம்பெட் வேண்டும் என்றார். அவருடைய உதடு, பல்வரிசை, மூச்சு எல்லாம் பார்த்து, அரை மணி நேரம் பேசி, அருமையான ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். எட்டாம் நாள் பெட்டியோடு திரும்பி வந்தார். அவர் இருப்பது ஐந்தாவது மாடி அடுக்ககம். “கீழ்வீட்டுக்காரர் கம்ப்ளெய்ன்ட் பண்ணா பரவாயில்லக்கா. எதிர் பிளாக் நாய் நான் வாயில வெச்சதுமே ஊளை விடுது. சுதி வேற சேருது” என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கே ‘எங்கே வாசிப்பீர்கள்?’ என்று ஒரு தாளில் எழுதி, மேசைக்குள் எனக்குத் தெரிகிற மாதிரி ஒட்டினேன். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் போதும் என்று ரொம்ப நாள் நம்பினேன்.

ட்ராம்போனோடு வந்த லூர்துசாமியிடமும் கேட்டேன். “கோயில்ல” என்றார். மாதா கோயிலுக்குள், பீடத்துக்குப் பக்கவாட்டில், வரிசையாகப் போட்ட நாற்காலிகளை என் மனம் தானாகவே வரைந்துகொண்டது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடி மாதத்து மத்தியானம். வேகாத வெயில். காக்கிச் சட்டையோடு அவர், நீளமான பழைய பெட்டி ஒன்றைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றுகிற பஸ் ஓட்டுகிறவர்.

“இங்க இந்த மாதிரி அயிட்டம்லாம் பாப்பீங்களாமா?”

“பாப்போம்ணா. இன்னா ரிப்பேரு?”

“அயிட்டத்துக்கு ஒண்ணும் ரிப்பேரு இல்ல. எனக்குத்தான்” என்று வலது கையை நீட்டிக் காட்டினார். முழங்கை முழுதாக நிமிரவில்லை. சின்ன வயதில் கிணற்றில் குதித்து ஒடிந்ததாம். கட்டுப் போட்டது கோணலாகச் சேர்ந்துவிட்டது. “ஸ்டியரிங் புடிக்கிறதுக்குத் தோதாதான் கீது. இத இழுக்கறதுக்குத்தான் பேஜாரா கீது.”

பெட்டிக்குள் ஒரு ட்ராம்போன் இருந்தது. சாதாரண டெனர் வகை, பழையது, சத்தம் வெளியே வருகிற மணிவாயில் ஒரு சின்ன நெளிவு. அவருடைய அண்ணன் இருபத்தாறு வருடம் வாசித்தது. அண்ணன் அதற்கு முந்தைய டிசம்பரில் இறந்துவிட்டார்.

ஊர், திருக்கழுக்குன்றம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஏரியை ஒட்டி இருக்கிறது. ஊர்க் கோயிலுக்குச் சொந்தமாக ஒரு பேண்டு. பன்னிரண்டு பேர். ஒருவருக்கும் இது தொழில் இல்லை. பகலில் ஒருவர் எலக்ட்ரீசியன், ஒருவர் ரேஷன் கடை, மூன்று பேர் கம்பெனி வேலை. திருவிழாவுக்கும் அடக்கத்துக்கும் வாசிப்பது அவர்கள்தான். முன்வரிசை மூன்று பேரும் ட்ராம்போன். அதன் இழுகுழாய் முன்னால் நீளும். பின்வரிசையில் நிறுத்தினால் முன்னே போகிறவர் முதுகில் இடிக்கும். அந்த மூன்றில் நடு இடம் அண்ணனுடையது.

அந்தப் பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. வாசிப்பவர் ஒருவர் இறந்தால், அடுத்த நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள் வரை அவர் இடத்தை யாரும் நிரப்ப மாட்டார்கள். ஓர் ஆள் நிற்கிற அகலம் வெறுமையாக விட்டுத்தான் நடப்பார்கள். கல்லறைத் திருநாள் அன்று அந்த வீட்டிலிருந்து ஒருவர் அந்த இடத்தில் நின்று, கோயிலிலிருந்து கல்லறை வரைக்கும் வாசித்துக்கொண்டே போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் இடம் அந்த வீட்டுக்கு. இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர்கள் நெருங்கி வந்து வரிசையை மூடிவிடுவார்கள். மூடியதை மறுபடி திறப்பதில்லை. இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, என் மனதில் அந்தக் கோயில் நாற்காலிகள் அப்படியே இருந்தன.

“அண்ணனுக்கு ஒரே பொண்ணு, கட்டிக் குடுத்து பெங்களூரு போயிடுச்சி. வூட்டுக்கு மிச்சம் நான்தான் கீறேன்” என்றார் லூர்துசாமி. “ஈஸ்டருக்கு அப்பால பேண்டு மாஸ்டராண்ட கத்துகினு வரேன். சத்தம் வந்துடுச்சி. ஆனா போன்ல ஒரு வீடியோ பாத்தேன். வெள்ளக்காரன் ஒருத்தன் கைய அப்படியே கடைசி வரைக்கும் நீட்றான். எனக்கு அது வராதும்மா. அதான் கேக்க வந்தேன், இது என் கைக்கு ஆவுமா?”

உங்களில் ஒருவருக்கு ட்ராம்போன் புதிது என்பதால் சொல்கிறேன். அதில் விரலால் அழுத்துகிற சாவிகள் கிடையாது. குழாயை இழுத்து இழுத்துத்தான் சுரம் மாற்ற வேண்டும். பக்கத்திலிருந்து தூரம் வரை ஏழு இடங்கள். கோடும் புள்ளியும் இருக்காது; கைதான் கண்டுபிடிக்க வேண்டும். ஏழாவது இடத்துக்கு நிமிர்ந்த கை வேண்டும்.

அவரை ஸ்டூலில் உட்கார வைத்து இழுக்கச் சொன்னேன். ஐந்தாவது இடத்தோடு கை நின்றுவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். பரீட்சையில் நன்றாகத் தெரிந்த கேள்வி வந்த மாதிரி. நான் இயற்பியல் படித்தவள். குழாயின் நீளத்தைக் கை மாற்ற முடியாவிட்டால் வேறொன்று மாற்றட்டும். இடது கட்டைவிரலுக்கு ஒரு விசை வைத்த ட்ராம்போன் கடையில் இருந்தது. விசையை அழுத்தினால் மூச்சு கூடுதலாக ஒரு சுருள் குழாய்க்குள் போய்த் திரும்பும். கை எட்டாத கடைசி இடங்களின் சுரங்கள், கை நீளாமலே, பக்கத்திலேயே வந்துவிடும். இதைவிட ஒருவர் கைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி என்ன இருக்க முடியும்?

எடுத்துக் கொடுத்தேன். உட்கார்ந்தபடி ஊதினார். ஆழமான அந்தச் சுரம் கடை முழுக்க நிறைந்தது. அவருக்கே ஆச்சரியம்.

“அட! இது நம்ம சத்தமாமா?”

“உங்க சத்தம்தாண்ணா.”

பிறகு அவர் இரண்டு விஷயம் சொன்னார். நான் மறக்க முடியாத அந்த இரண்டையும் அன்றைக்கு நான் காதில் வாங்கவில்லை.

“எங்க பாட்டெல்லாம் சின்னப் பாட்டுதாம்மா” என்றார். நான், “இன்னைக்குச் சின்னப் பாட்டு. நாளைக்குப் பெரிய பாட்டு வந்தா? அப்பவும் கை எட்டலன்னு நிப்பீங்களா?” என்று மடக்கினேன்.

“அண்ணன் எட்டுற அளவுக்கு எட்டுனா எனக்குப் போதும்” என்றார். “அவருக்கு மேல வாசிக்கலாம்ணா நீங்க” என்றேன். பட்டறை வாசலில் நின்றிருந்த நம் ரிப்பேர் அண்ணாத்த, “பாப்பா, அவரு பஸ்சு ஓட்டறாரு, நீ அவர ஏரோப்ளேன் ஓட்டச் சொல்ற” என்றார். நான் சிரித்துவிட்டு அடுத்த விளக்கத்துக்குப் போனேன்.

பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுப்பது நம் கடை வழக்கம். அவர் பெட்டியின் மேல் கை வைத்தபடியே கேட்டார், “இத வெச்சிக்கினா?”

“பரண்ல தூங்கப்போவுதுண்ணா. யாராவது வாசிச்சா அதுக்கும் நல்லதுதானே.”

பெட்டியைத் திறந்தார். பிறகு பெட்டியின் மூலையிலிருந்து மடித்த கைக்குட்டை ஒன்றை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அண்ணன் வாய்ப்பகுதியைத் துடைக்க வைத்திருந்தது.

அந்தப் பழைய ட்ராம்போனை யாராவது வாசிப்பார்கள் என்று நான் சொன்னதும் நடக்கவில்லை. பத்து நாளில் மாமல்லபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். கடற்கரைக்குப் போகிற சந்தில் புதிதாகச் சாப்பாட்டுக் கடை வைக்கிறவர். “வாசிக்கிறதுக்கு இல்ல மேடம், செவுத்துக்கு. ஓடணும்னு அவசியமில்ல, பளபளன்னு இருக்கணும்” என்றார். அன்று சாயங்காலம் நானே உட்கார்ந்து துடைத்தேன். இழுகுழாயை முழுக்க வெளியே எடுத்தேன். உள்குழாய் மேல்பாதி வரைக்கும் வழுவழுவென்று மின்னியது. பாதிக்குக் கொஞ்சம் கீழே இறுகிப்போன பழைய பசையும் களிம்பும் சேர்ந்து ஒரு பச்சை வளையம். அதற்குக் கீழே மங்கல். ‘பராமரிப்பே இல்லை’ என்று அலுத்துக்கொண்டு, வளையம் போகிறவரை தேய்த்தேன். கை வலித்தது. போய்விட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நவம்பர் வரைக்கும் லூர்துசாமி இரண்டு தடவை கடைக்கு வந்தார், எண்ணெய் வாங்க. ஷிப்ட் முடிகிறவரை கம்பெனி வாசலில் பஸ்ஸை நிறுத்திக்கொண்டு, கடைசி சீட்டில் உட்கார்ந்து சாதகம் செய்கிறேன் என்றார். கோயிலில் ஒத்திகை, அதுவும் நாற்காலி போட்டு. நடந்துகொண்டே வாசிக்கும் ஒத்திகை ஒன்று வைப்பார்கள், இந்த வருடம் மழையால் நின்றுபோனது. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது நான் ‘சூப்பர்ணா’ என்றேன்.

கல்லறைத் திருநாளுக்கு என்னை வரச்சொல்லியிருந்தார். போனேன். காலையில் பெய்த மழை நின்று, நாலரை மணிக்கு வானம் அழுக்கு வேட்டி மாதிரி தொங்கியது. கோயில் வாசலில் அவர் மனைவி ஸ்டெல்லா பூக்கூடையும் மெழுகுவத்திப் பொட்டலமுமாக நின்றிருந்தார்.

“நீதான் அந்த வஸ்துவ இவரு தலையில கட்டுன பொண்ணா?”

“ஆமாக்கா.”

“மொதல்ல எரும கத்துற மாதிரி இருந்துச்சி. இப்ப கன்னுக்குட்டி மாதிரி கத்துறாரு. முன்னேறிட்டாரு” என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. “ஒரு வாரமா சோறு எறங்கல இவருக்கு. எடம் போயிடுச்சின்னா தாங்க மாட்டாரும்மா.”

பேண்டு வரிசையில் நின்றது. முன்னால் மூன்று ட்ராம்போன், பத்து மாதத்துக்குப் பிறகு நடு இடத்தில் ஓர் ஆள். பின்னால் நின்றவர்களில் ஒரு கிழவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். லூர்துசாமியின் சட்டைப் பையில் அந்தக் கைக்குட்டை நுனி தெரிந்தது.

கோயிலிலிருந்து கல்லறைக்கு ஏரிக்கரை வழி. சும்மா நடந்தால் இருபது நிமிடம். நின்று நின்று செபம் சொல்லிப் போவதால் ஒரு மணி நேரம். நான் கரைச்சரிவில், அவருக்கு இணையாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

முதல் பாட்டு நன்றாகவே போனது. தப்பு இல்லை. நான் பெருமையில் பக்கத்தில் வந்தவரிடம், “நம்ம கடையில எடுத்தது” என்றுகூடச் சொன்னேன். இரண்டாவது பாட்டின் நடுவில்தான் லூர்துசாமியின் இடது மணிக்கட்டைப் பார்த்தேன். நடுங்கியது.

ட்ராம்போனின் எடை முழுவதும் இடது கையில்தான். விசை வைத்தது சாதாரணத்தைவிடக் கனம். அதோடு சாதாரணத்தில் கட்டைவிரலும் சேர்ந்து தாங்கும்; இதில் கட்டைவிரல் விசையின் மேல் போய்விடுகிறது. மிச்ச விரல்கள்தான் தூக்க வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்தால் முழங்கையை இடுப்பில் முட்டுக் கொடுக்கலாம், பஸ் சீட்டில் முன்சீட்டுக் கம்பியில் சாய்க்கலாம். ஏரிக்கரையில், சேற்றில், அடிக்கு அடி வழுக்குகிற வழியில், எதில் சாய்ப்பது? இவ்வளவும் எனக்குத் தெரிந்ததுதான். புத்தகத்தில் இருக்கிறது, கடையில் தினமும் தூக்கி வைக்கிறேன். அந்த மணிக்கட்டைப் பார்க்கிறவரை ஞாபகம் வரவில்லை.

செபத்துக்கு நின்றபோது தோளில் சாய்த்துக்கொண்டார். கையை உதறினார். என் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தார், ‘பயப்படாதே’ என்கிற மாதிரி. அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

மூன்றாவது பாட்டுக்குத் தூக்கினார். நாலு அடி. மணிவாய் சரிந்தது. மறுபடி தூக்கினார். கால் வழுக்கியதில் வாய்ப்பகுதி உதட்டில் இடித்து ரத்தம் வந்தது. அப்படியும் வைத்து ஊதினார். பிறகு கை இறங்கியது. இறங்கியபடியே இருந்தது. வாசிக்காமல், வரிசை தவறாமல், கால் மட்டும் தாளத்துக்கு எடுத்து வைத்து ஓர் ஐம்பது அடி நடந்தார்.

பேண்டு மாஸ்டர் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார், கொஞ்ச தூரம் பொறுத்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் மெதுவாகச் சேர்த்துக் காட்டினார். கும்பிடுகிற மாதிரிதான் இருந்தது. இரண்டு பக்கத்து ட்ராம்போன்காரர்களும் லூர்துசாமியின் முகத்தைப் பார்க்காமல் ஆளுக்கு ஓர் அடி உள்ளே வைத்தார்கள். லூர்துசாமி தண்ணீர்ப் பக்கம் ஒதுங்கி நின்றார். இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை, கடைசியில் பெரிய டிரம், ஒவ்வொன்றாக அவரைத் தாண்டிப் போயின. பாட்டு ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

ஸ்டெல்லா போய் அவர் பக்கத்தில் நின்றார். பூக்கூடையை அவரிடம் கொடுத்துவிட்டு ட்ராம்போனைத் தான் வாங்கிக்கொண்டார். நான் ஓடினேன். என்ன சொல்ல ஓடினேன் என்று தெரியவில்லை. அவரே முந்திக்கொண்டார்.

“உன்மேல இன்னாமா தப்பு. நல்ல அயிட்டம்தான் குடுத்த. இந்தக் கைதான் ஆவாத கை.”

கல்லறை வாசலில் பேண்டுக்காரர்கள் குழாயில் சேர்ந்த தண்ணீரைத் தரையில் வடித்துக்கொண்டிருந்தார்கள். இடது பக்கத்தில் நின்ற எலக்ட்ரீசியன் என்னைப் பார்த்து, “நீங்கதான் கடைக்காரப் பொண்ணா? இன்னாத்துக்கும்மா அவருக்கு அவ்ளோ பெரிய மிஷினு?” என்றார்.

“கை எட்டலண்ணா. ஏழாவது இடம்…”

“ஏழாவதா? எங்க பாட்டுல நாலாவதுக்கு மேல சோலியே இல்ல. அவங்க அண்ணன் இருவத்தாறு வருசத்துல அதுக்கு மேல இழுத்து நான் பாத்ததில்ல. அந்தப் பழசையே வெச்சி ஊதியிருக்கலாமே, தக்கையாட்டம் லேசா இருக்குமே?”

அப்போதுதான் அந்தப் பச்சை வளையம் என் கண்ணுக்குள் வந்து நின்றது. மேலே மின்னிய பகுதி, அண்ணன் இழுத்த தூரம். வளையம், அவர் நிறுத்திய எல்லை. அதற்குக் கீழே கை போகவே இல்லை, அதனால் மங்கல். நாலாவது இடம். அவர் வாசித்தது அத்தனையும் அந்தக் குழாயில் எழுதியிருந்தது. ஐந்தாவது வரைக்கும் தம்பியின் கோணல் கை எட்டுகிறது என்று நானே ஸ்டூலில் வைத்து அளந்திருந்தேன். அவர் கையில் ஏந்தி வந்ததே அவருக்கான ட்ராம்போன். ‘ஆகும்ணா, எடுத்துட்டுப் போங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் போதும்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு மாமல்லபுரம் பஸ் ஏறினேன். சந்துக்குள் அந்தச் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. வாசலிலிருந்தே தெரிந்தது. மணிவாய்க்குள் மஞ்சள் பல்பு. சுவரில் ஆடாமல் இருக்க, இழுகுழாயில் மூன்று இடத்தில் இந்தப் பக்கம் துளைத்து அந்தப் பக்கம் வரைக்கும் திருகாணி.

கடைக்காரர் கெட்டவர் இல்லை. “மேடம், எல்லாரும் இதாண்டதான் நின்னு போட்டோ எடுக்கிறாங்க. நீங்க குடுத்ததுலயே சூப்பர் அயிட்டம் இதான்” என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. நாற்காலி போட்டு ஏறி அவரே கழற்றிக் கொடுத்தார். “செத்தவங்க பொருளுன்னு தெரிஞ்சிருந்தா ஆணி அடிச்சிருக்க மாட்டேன்” என்றார். அந்த இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது.

பட்டறையில் ரிப்பேர் அண்ணாத்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மணிவாய்ல ஓட்டைன்னா பத்து நிமிசத்துல அடைச்சிடுவேன். இழுகுழாய்ல ஆணி ஏறிடுச்சி பாப்பா. இது செத்துச்சி” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அவராண்ட சொல்லப்போறியா? வாணாம். கை சரியில்லன்னு நெனச்சிகினே இருக்கட்டும். அந்தக் கையோட அவரு முப்பத்தஞ்சி வருசமா இருந்துகினு கீறாரு. இது புதுசா ஒரு பாரம்.”

பத்து நாள் யோசித்தேன். இந்தப் பத்து நாளைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன் என்று நினைக்கிறேன். தப்பான கருவியைக் கொடுத்துவிடுவீர்கள், எல்லோரும் ஒரு நாள் கொடுப்போம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று கணினியில் இல்லை. சொல்லாவிட்டால், தன் கை ஆகாத கை என்று சாகிறவரை அவர் நம்புவார். சொன்னால், ஆகியிருக்கும் என்று தெரிந்துகொண்டு சாகிறவரை இருப்பார். நான் நேர்மை என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு கிளம்பினேன். என் மனதிலிருந்து அதை இறக்கி வைக்கக் கிளம்பினேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

அவர் வீட்டு முன்னறையில், தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வளையம், நாலாவது இடம், நான் தேய்த்தது, திருகாணி. விசை இல்லாத வேறொரு லேசான ட்ராம்போனைக் கடையிலிருந்து தருகிறேன், விசை வைத்ததற்குப் பதிலாக, என்றும் சொன்னேன். வேகமாகச் சொன்னேன். என் வழக்கப்படி.

“அத வெச்சி நான் எங்கம்மா நிக்கிறது?” என்று கேட்டார். கோபமே இல்லை. நிஜமாகவே கேட்டார்.

நான் கொண்டுபோயிருந்த பழையதை எடுத்தார். மணிவாயில் இருந்த நெளிவை விரலால் தடவினார். வாயில் வைத்து ஊதினார். சத்தம் வரவில்லை. திருகாணி ஓட்டைகள் வழியாகக் காற்று மட்டும் புஸ்ஸென்று போனது. அவர் விரலில் பட்டிருக்கும், கையை எடுத்துப் பார்த்துக்கொண்டார். சட்டைப் பையைத் தொட்டார். அன்றைக்குச் சட்டை வேறு, அதில் கைக்குட்டை இல்லை. வேட்டி முனையால் வாய்ப்பகுதியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

ஸ்டெல்லா டீ கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை.

“கைன்னு நெனச்சிகினு இருந்தப்ப, தூக்கமாவது வந்துச்சிமா” என்றார் லூர்துசாமி.

அவ்வளவுதான். எழுந்து வந்தேன். அவர் வாசல் வரைக்கும் வந்து, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லி, மழை வரும் போலிருக்கிறது என்று குடை கொடுத்து அனுப்பினார். அந்தக் குடையைத் திருப்பிக் கொடுக்க நான் போகவே இல்லை. முன்மேசைக்குக் கீழே, உங்கள் கால் பக்கம் இருப்பது அதுதான்.

அடுத்த வருடம் கல்லறைத் திருநாளுக்குச் சொல்லாமல் போய், சாலையோரமாக நின்று பார்த்தேன். முன்வரிசையில் இரண்டு பேர். நடுவில் ஒன்றும் இல்லை, இடைவெளிகூட இல்லை. லூர்துசாமி கூட்டத்தோடு, ஸ்டெல்லாவுக்குப் பின்னால், பூக்கூடையோடு வந்தார். ஏரிக்கரையில் அந்த இடம் வந்ததும் தண்ணீர்ப் பக்கம் ஒதுங்கி, கொஞ்ச நேரம் நின்றார். யாருக்கோ வழிவிடுகிற மாதிரி. பேண்டு எப்போதோ முன்னால் போய்விட்டிருந்தது.

விசை வைத்த ட்ராம்போனை அவர் ஸ்டெல்லாவிடம் கடைக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். பதிலுக்கு எதுவும் வேண்டாம் என்றார். இரண்டாவது தட்டில், இடது ஓரத்தில் இருக்கிறது. நல்ல கருவி, அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரு நாள் யாராவது வந்து அதைக் காட்டி, எனக்கு ஆகுமா என்று கேட்பார்கள். ஸ்டூலை நகர்த்திவிடுங்கள். கதவைத் திறந்து, கருவியோடு தெருவில் இறங்கி, ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்பச் சொல்லுங்கள். கூடவே நீங்களும் நடங்கள். அவர் மணிக்கட்டைப் பாருங்கள். போய்த் திரும்புகிறவரை ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.